நீளம் காக்கும், கனம் கெடுக்கும்: டபுள் ஆக்‌ஷன் ஒன்லி டிரிகரின் லாப நட்டம்

தற்காப்புக்கென்று வைத்திருக்கும் கைத்துப்பாக்கியின் டிரிகரிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டு. சுடக் கூடாத நேரத்தில் தவறுதலாக வெடித்துவிடக் கூடாது. சுட்டே ஆக வேண்டிய நேரத்தில் குறியைக் கெடுக்கக் கூடாது. இரண்டையும் குறைவில்லாமல் செய்யும் டிரிகர் இதுவரை வரவில்லை. டபுள் ஆக்‌ஷன் ஒன்லி என்ற அமைப்பு (இனி டி.ஏ.ஓ. என்போம்) முதல் வேலைக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, இரண்டாவதன் பாரத்தைச் சுடுபவரின் ஆள்காட்டி விரலில் ஏற்றிவிடுகிறது. அந்தப் பாரத்தில் எவ்வளவு அவசியம், எவ்வளவு வீண் என்பதில்தான் இந்த அமைப்பைப் பற்றிய சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

சிங்கிள் ஆக்‌ஷன் துப்பாக்கியில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். சியர் என்ற சிறு கொக்கி அதன் வெட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். டிரிகர் அந்தக் கொக்கியை விலக்கினால் போதும். அதனால் 1.5 முதல் 2.5 கிலோ அழுத்தத்திலேயே, சில மில்லிமீட்டர் நகர்விலேயே சுத்தியல் விழுந்துவிடும். டபுள் ஆக்‌ஷனில் டிரிகரே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, மெயின் ஸ்பிரிங்கை அமுக்கி, கடைசிப் புள்ளியில் அதை விடுவிக்கவும் வேண்டும். ரிவால்வர் என்றால் இதே இழுப்பில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையும் சுழற்றி, அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். இத்தனை வேலையும் ஒரே விரலுக்கு. எனவே 4.5 முதல் 5.5 கிலோ இழுவையும், ஒன்றரை சென்டிமீட்டரைத் தொடும் பயணமும் இந்த அமைப்பில் சகஜம்.

சாதாரண டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, லேசான டிரிகரோடு சுடவும் முடியும். டி.ஏ.ஓ.வில் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கும். சுத்தியலை நிறுத்தும் வெட்டு இருக்காது. சுத்தியலின் கட்டைவிரல் பிடி வழித்தெடுக்கப்பட்டிருக்கும். அல்லது சுத்தியல் முழுவதுமே சட்டகத்துக்குள் மறைந்திருக்கும். முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் அதே நீள இழுப்பு, அதே எடை.

சிங்கிள் ஆக்‌ஷனுக்கும் டி.ஏ.ஓ.வுக்கும் நடுவில் நிற்பது 1929-ல் வந்த வால்தர் பிபி பிஸ்டல் பிரபலமாக்கிய முறை. பெரெட்டா 92, சிக் பி226 எல்லாம் இதன் வழிவந்தவை. முதல் தோட்டா நீண்ட கனமான இழுப்பில் போகும்; சுட்டதும் பின்னால் வரும் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) சுத்தியலை நிறுத்திவிடுவதால் இரண்டாவதிலிருந்து இழுப்பு குட்டையாகவும் லேசாகவும் இருக்கும். இதைக் கையாள இரண்டு வேறு டிரிகர்களைப் பழக வேண்டும். சுட்டு முடித்ததும் லீவரை அழுத்திச் சுத்தியலை இறக்க மறக்கக் கூடாது. பதற்றத்தில் இறக்க மறந்தால், லேசான டிரிகரோடு துப்பாக்கி உறைக்குள் போகும். டி.ஏ.ஓ.வில் இந்தச் சிக்கல் முழுசாக ஒழிந்துபோகிறது. அதன் நேர்மையான முதல் லாபம் இதுதான்.

சுத்தியலுக்குப் பதில் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசி உள்ளிருந்தே தோட்டாவை அடிக்கும் கிளாக் போன்ற துப்பாக்கிகளை எங்கே வைப்பது என்பது தனி வழக்கு. 1982-ல் வந்த கிளாக்கில் ஸ்லைடு முன்னால் போகும்போதே ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் பாதி இழுபட்டுவிடும். மீதியை டிரிகர் இழுத்து விடுவிக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இழுப்பு ஒன்றுபோல இருப்பதால் அதையும் டி.ஏ.ஓ. என்று வகைப்படுத்துவோர் உண்டு. காகிதத்தில் அது சரி. விரலுக்குத் தெரியும் வித்தியாசம் வேறு: அதன் டிரிகர் பயணம் 12.5 மி.மீ.தான், அதிலும் முதல் பகுதி லேசாக நகர்ந்துவிடும், வேலை முழுவதும் கடைசிச் சில மில்லிமீட்டரில். இந்தக் கட்டுரையில் டி.ஏ.ஓ. என்று சொல்வது, தொடக்கம் முதல் முடிவு வரை விரல் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும் துப்பாக்கிகளைத்தான்.

எதற்காக இதைச் செய்தார்கள்

யோசனை புதிதல்ல. 1851-ல் ராபர்ட் ஆடம்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ரிவால்வரே டி.ஏ.ஓ. தான், கட்டைவிரலால் நிறுத்தும் வசதி 1856-ல் பியூமாண்டின் திருத்தத்தோடுதான் அதில் சேர்ந்தது. 1887-ல் ஸ்மித் & வெஸன் சுத்தியல் வெளியே தெரியாத ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது; சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்ட எதுவும் இல்லை என்பதே அதன் கவர்ச்சி. 1938-ல் பிரிட்டிஷ் ராணுவம் எண்ட்ஃபீல்டு ரிவால்வரின் சுத்தியல் பிடியை வெட்டியெடுத்து டி.ஏ.ஓ. ஆக்கியதற்கும் காரணம் அதுவே: டாங்கியின் இடுக்கான வயிற்றுக்குள் ஏறி இறங்கும்போது பிடி எதிலாவது மாட்டிக்கொண்டது.

போலீஸ் துறைகளின் கவலை வேறு மாதிரி. ஒருவரைத் துப்பாக்கி முனையில் நிறுத்திவைத்திருக்கும்போது காவலர் சுத்தியலை இழுத்து நிறுத்திவிடுகிறார். இப்போது அவர் விரலுக்கும் வெடிப்புக்கும் நடுவே இருப்பது ஒன்றரை கிலோவும் ஒரு மயிரிழையும். எதிராளி சரணடைந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. ஒரு கையால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு டிரிகரை அழுத்தி மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த கட்டைவிரல் வழுக்கினால் முடிந்தது கதை. இதனால்தான் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரப் போலீஸ் துறைகள் ரிவால்வர்களையே டி.ஏ.ஓ. ஆக மாற்றின. நியூயார்க் போலீஸ் 1993-ல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறியபோதும் அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை: ஸ்மித் & வெஸன் 5946, சிக் பி226-ன் டி.ஏ.ஓ. வடிவம், கனமான டிரிகர் ஸ்பிரிங் போட்ட கிளாக் 19 ஆகிய மூன்றுக்கே அனுமதி.

நீளம் ஏன் காக்கிறது

தவறுதலாக விரல் சுருங்குவதற்கு மூன்று காரணங்களை உடலியக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா எடுத்துச் சொன்னார். ஒரு கை எதையாவது இறுகப் பிடிக்கும்போது மறு கையும் தானாக இறுகுவது. கால் இடறும்போது கை சுருங்குவது. திடீர்ச் சத்தத்தில் உடல் திடுக்கிடுவது. இந்த மூன்றிலும் கை இறுகும் பலம் ஐந்து கிலோ டிரிகரையும் தாண்டக் கூடும். அதனால் எடையை நம்பி விரலை டிரிகரில் வைத்துக்கொண்டு நடப்பது அறியாமை. எந்த டிரிகராக இருந்தாலும், சுடத் தீர்மானிக்கும்வரை விரல் சட்டகத்தின் பக்கவாட்டில் நீட்டி இருக்க வேண்டும். இதற்கு மாற்றாக எந்த இயந்திரமும் கிடையாது.

அப்படியானால் டி.ஏ.ஓ. எதற்கு? அது தரும் லாபம் நேரமும் தகவலும். ஒன்றரை சென்டிமீட்டர் பயணத்தில் டிரிகர் நகர்வதை விரல் உணர்கிறது, சுத்தியல் எழுவதைக் கண் பார்க்கிறது, சிலிண்டர் சுழல்கிறது. எதிராளி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார் என்று தெரிந்தால், பாதி இழுத்த டிரிகரை அப்படியே முன்னால் விட்டுவிடலாம். குட்டை டிரிகரில் ‘பாதி’ என்ற இடமே இல்லை.

இந்த லாபம் பளிச்சென்று தெரிவது துப்பாக்கியை உறைக்குள் திருப்பிச் செருகும்போது. தவறுதலான வெடிப்புகளில் கணிசமானவை நடப்பது இந்த இடத்தில். சட்டையின் நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு, தொய்ந்துபோன உறையின் விளிம்பு ஏதாவது ஒன்று டிரிகர் வளையத்துக்குள் புகுந்துகொள்ளும். துப்பாக்கியைக் கீழே அழுத்தும்போது அதுவே விரலாகி டிரிகரை இழுக்கும். சுத்தியல் வெளியே தெரியும் டி.ஏ.ஓ.வில் இதற்கு எளிய காப்பு உண்டு. பிடியைத் தளர்த்தி, கட்டைவிரலைச் சுத்தியலின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டு செருக வேண்டும். டிரிகரில் எதுவும் மாட்டினால் சுத்தியல் கட்டைவிரலைப் பின்னுக்குத் தள்ளும். உடனே நிறுத்தி, வெளியே எடுத்து, உறையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். ஸ்ட்ரைக்கர் துப்பாக்கியிலும், சுத்தியல் உள்ளே மறைந்த ரிவால்வரிலும் இந்த எச்சரிக்கை கிடைக்காது. மறைந்த சுத்தியலில் நீண்ட இழுப்பு மட்டுமே காவல்.

எடையைக் கூட்டினால் என்ன ஆகும்

நியூயார்க்கின் கிளாக் இங்கேதான் பாடமாகிறது. ‘நியூயார்க் டிரிகர்’ என்றே பெயர் பெற்ற ஸ்பிரிங்குகளில் கனமானதைப் போட்டால் 2.5 கிலோ இழுவை ஏறக்குறைய 5.5 கிலோ ஆகிறது. பயணமோ அதே 12.5 மி.மீ. ரிவால்வரின் கனம் வந்துவிட்டது, அதன் நீளம் வரவில்லை. காக்கும் பாதியை விட்டுவிட்டுக் கெடுக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. டி.ஏ.ஓ.வுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கலப்புகளுக்குத்தான் சேரும்.

2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், கொலை செய்துவிட்டு வந்த ஒருவரை எதிர்கொண்டு இரு காவலர்கள் 16 தோட்டாக்கள் சுட்டார்கள். வழியில் நின்ற ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஒன்பதும் காவலர்களின் தோட்டாக்களாலோ அவற்றின் சிதறல்களாலோ நேர்ந்தவை. கூட்டம் நிறைந்த நடைபாதை, சில மீட்டர் தூரம், முகத்துக்கு நேராக நீளும் துப்பாக்கி என்ற சூழலில் டிரிகர் மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஆனாலும் கனமான டிரிகர் பொதுமக்களைக் காக்கிறதா, ஆபத்தில் தள்ளுகிறதா என்ற கேள்வி அன்று உரக்க எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். தவறுதலாகப் புறப்படும் ஒரு தோட்டா எவ்வளவு ஆபத்தோ, குறி தப்பிப் போகும் தோட்டாவும் அவ்வளவே ஆபத்து.

குறி ஏன் தப்புகிறது என்பதற்குக் கணக்கே போதும். சுமார் 415 கிராம் எடையுள்ள ஸ்மித் & வெஸன் 642 வகைக் குட்டி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அதன் இழுவை 5.4 கிலோ அளவில் இருக்கும். துப்பாக்கியின் எடையைப் போலப் பதின்மூன்று மடங்கு பலத்தை விரல் பின்னோக்கிச் செலுத்துகிறது. அதை எதிர்த்துத் துப்பாக்கியை அசையாமல் நிறுத்துவது மீதி விரல்களின் பொறுப்பு. ஆள்காட்டி விரல் பலமாகச் சுருங்கும்போது மற்ற விரல்களும் கூடவே இறுகும். வலக்கைக்காரரின் தோட்டா கீழே இடப்பக்கம் போய் விழுவதற்கு இதுவே வழக்கமான காரணம். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 9 செ.மீ. மட்டுமே உள்ள துப்பாக்கியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டரில் தோட்டா சுமார் 8 செ.மீ. தள்ளிப் போகும்; 15 மீட்டரில் கிட்டத்தட்ட 17 செ.மீ. அதே விலகல், குறிகளுக்கு இடையே 16.5 செ.மீ. உள்ள முழு அளவு பிஸ்டலில் 7 மீட்டருக்கு 4 செ.மீ.தான். குட்டித் துப்பாக்கி, கன டிரிகர், குட்டைக் குறிகள் மூன்றும் ஒரே கருவியில் சேரும்போது அதைப் பழகாமல் வைத்திருப்பது வீண்.

கைபலம் குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், சிறிய கை உள்ளவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகத் திணறுவார்கள். டிரிகர் முன்னால் தள்ளியிருப்பதால் விரல் எட்டாது. எட்டவைக்கப் பிடியைத் திருப்பினால் சுடும்போது வரும் உதை கட்டைவிரல் மூட்டில் இறங்கும். பாதுகாப்பானது என்று சொல்லி இவர்களுக்கே டி.ஏ.ஓ. ரிவால்வரைப் பரிந்துரைப்பது நெடுங்காலமாக நடக்கும் தவறு. வாங்கும் முன் ஒரு சோதனை: சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்று பார்த்தபின், ஒரே கையால், இடையில் நிறுத்தாமல், பத்து முறை டிரிகரை இழுக்க வேண்டும். ஏழாவது எட்டாவதில் முன்குறி ஆட்டம் போட்டாலோ, இரண்டு விரலால் இழுக்கத் தோன்றினாலோ, அந்தத் துப்பாக்கி அந்தக் கைக்கு ஆகாது.

பாதியில் திரும்பும் விரல்

நீண்ட இழுப்புக்கு நீண்ட திரும்பலும் உண்டு என்பதைப் பலர் முதல் பயிற்சியில்தான் கண்டுகொள்கிறார்கள். லேசான பிஸ்டலில் பழகியவரின் விரல், டிரிகரைச் சில மில்லிமீட்டர் முன்னால் விட்டதும் அடுத்த இழுப்புக்குத் தயாராகிவிடும். டி.ஏ.ஓ.வில் டிரிகர் முழுதாக முன்னால் வந்தால்தான் உள்ளே இருக்கும் பாகங்கள் மறுபடி மாட்டிக்கொள்ளும். சில ரிவால்வர்களில் திரும்பும் வழியில் இரண்டு ‘டிக்’ கேட்கும். முதலாவதை நம்பி இழுத்தால், டிரிகர் இடையில் பூட்டிக்கொண்டு நகராமல் நிற்கலாம். அல்லது சிலிண்டர் மட்டும் சுழன்று, சுத்தியல் விழாமலே சுடாத தோட்டா ஒன்று கடந்துபோகலாம். துப்பாக்கி பழுதாகிவிட்டது என்றே சுடுபவர் நினைப்பார். பரிகாரம் எளிது: டிரிகரை முழுதாக முன்னால் விட்டு, மறுபடி இழுப்பது. ஆனால் அந்த நொடியில் இது நினைவுக்கு வருவதற்குக் கை முன்பே பழகியிருக்க வேண்டும்.

இழுப்பு கனமென்று ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலை வளர்த்துவிடுகிறார்கள். ஸ்மித் & வெஸன் வகை ரிவால்வரில் விரல் எதிர்க்கும் ஸ்பிரிங் இரண்டு: சுத்தியலை அடிக்கவைக்கும் மெயின் ஸ்பிரிங், டிரிகரை முன்னால் தள்ளும் ரீபவுண்ட் ஸ்பிரிங். இரண்டாவதை லேசாக்கினால் டிரிகர் சோம்பலாகத் திரும்பும். பாதியில் இழுக்கும் தவறு பெருகும். முதலாவதை லேசாக்கினால், தோட்டாவின் பின்பக்கத்தில் அடிபட்டுத் தீப்பற்றும் ப்ரைமரில் அடி போதாமல் தோட்டா வெடிக்காது. டபுள் ஆக்‌ஷனில் சுத்தியல் பின்னால் போகும் தூரம் சிங்கிள் ஆக்‌ஷனில் போவதைவிடக் குறைவு; அடியின் பலமும் ஏற்கெனவே குறைவு. அதனால் விட்டுக்கொடுக்க மிச்சம் அதிகமில்லை. ஃபெடரல் போன்ற மென்மையான ப்ரைமரில் தவறாமல் வெடிக்கும் துப்பாக்கி, சிசிஐ போன்ற கெட்டியான ப்ரைமரில் ஐந்தில் ஒன்றை விட்டுவிடக் கூடும். பிடியின் முன்பக்கத்தில் மெயின் ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு உள்ள ரிவால்வர்களில், அதை அரைச்சுற்று தளர்த்தி இழுப்பை லேசாக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. தற்காப்புத் துப்பாக்கியில் இதைச் செய்யவே கூடாது. சுடும் அதிர்வில் திருகு மேலும் தளரும். தளர்ந்தது வெடிக்காத தோட்டாவில்தான் தெரியவரும். அந்தத் திருகு கடைசிவரை முறுக்கியே இருக்க வேண்டும்.

வெடிக்காத தோட்டாவைக் கையில் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ப்ரைமர் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் ஸ்பிரிங் மீதோ, ப்ரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் மீதோ சந்தேகம். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவே பழுது. இரண்டாவது அடியில் வெடித்தால், ப்ரைமர் முழுதாக உட்காராமல் இருந்திருக்கலாம். முதல் அடி அதை உட்காரவைப்பதிலேயே செலவாகியிருக்கும்.

டிரிகரை மறுபடி இழுத்தாலே இரண்டாவது அடி கிடைக்கும் என்பதைச் சிலர் டி.ஏ.ஓ. பிஸ்டலின் பெரிய வரமாகச் சொல்வார்கள். அவ்வளவு மதிப்பு அதற்கில்லை. முதல் அடியில் போகாத தோட்டாவைத் தூக்கி எறிந்து அடுத்ததை ஏற்றுவதே நம்பகமானது. பயிற்சியும் அதற்கே கொடுக்கப்படுகிறது. மேலும் ரூகர் எல்சிபி போன்ற பல பாக்கெட் பிஸ்டல்களில், இழுப்பு நீளமாக இருந்தாலும், ஸ்லைடு நகராமல் டிரிகர் மறுபடி வேலை செய்யாது. ரிவால்வரில் மட்டும் இந்த லாபம் முழுமையானது: மறு இழுப்பில் வேறு தோட்டாவே குழலுக்கு நேரே வந்து நிற்கும்.

நீளத்தை வைத்துக்கொண்டு கனத்தைக் குறைத்தவர்கள்

பொறியாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஹெக்லர் & கோக்கின் எல்.ஈ.எம். முறையில் சுத்தியல் இரண்டு துண்டாக இருக்கும். ஸ்லைடு பின்னால் வரும்போது உள்துண்டு மெயின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளித்துண்டு முன்னால் வந்து படுத்துவிடும். டிரிகர் முழு நீளம் பயணிக்கிறது, வெளித்துண்டு கண்ணுக்குத் தெரிய எழுகிறது, ஆனால் ஸ்பிரிங்கின் பாரத்தை விரல் சுமப்பதில்லை. சிக்கின் டி.ஏ.கே. முறை மூன்று கிலோ அளவில் சீரான இழுப்பைத் தருகிறது. டிரிகரைப் பாதி மட்டும் திரும்பவிட்டாலும் சுடும், அப்போது இழுவை நாலு கிலோவை ஒட்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை இந்த டிரிகரோடு பி229-ஐப் பயன்படுத்தியது. ரிவால்வர் பக்கத்தில் 2009-ல் வந்த ரூகர் எல்சிஆர், உராய்வைக் குறைக்கும் கேம் அமைப்பால் அதே வேலையைச் செய்ய விரலுக்குக் குறைந்த சிரமமே கொடுக்கிறது. டி.ஏ.ஓ. என்ற யோசனைக்கு நியாயம் செய்தவை இவைதான். பாதுகாப்பு நீளத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, கனத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் பெரிய அமைப்புகள் வேறு பக்கம் போய்விட்டன. 2016-ல் எஃப்.பி.ஐ. கிளாக்கையும், 2017-ல் அமெரிக்க ராணுவம் சிக் பி320-ஐயும் தேர்ந்தெடுத்தன, இரண்டும் ஸ்ட்ரைக்கர். ஆயிரக்கணக்கானோருக்குக் குறைந்த நேரத்தில் சுடக் கற்றுத்தர வேண்டிய நிறுவனத்துக்கு லேசான குட்டை டிரிகர் சீக்கிரம் பலன் தரும். தனிமனிதரின் கணக்கு அதுவாக இருக்க வேண்டியதில்லை. துணியை ஒட்டி, உடலோடு அணைத்து, நாள் முழுக்கத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதைச் சுடும் நேரத்தைவிட எடுத்து வைக்கும் நேரமே அதிகம். அந்த நேரத்துக்கு நீண்ட டிரிகர் பொருத்தமானது.

பழகும் முறை

நீண்ட டிரிகருக்கு விரல் நுனி போதாது. முதல் மடிப்புக் கோட்டில் டிரிகரை வைத்தால் நெம்புபலம் கூடும். இழுப்பு ஒரே ஓட்டமாக, ஒரே வேகத்தில் போக வேண்டும். கடைசிக்குச் சற்று முன் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, பிறகு வெடுக்கென்று முடிக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். குறி பிசகுவது அந்தக் கடைசி வெடுக்கில்தான். டிரிகர் கையைவிடத் துணைக்கை இறுக்கமாகப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தனியாக வேலை செய்யும்.

தோட்டா இல்லாமல் பழகுவதுதான் இதில் பெரும்பகுதி. துப்பாக்கியைக் காலிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். சிலிண்டரின் அறைகளைக் கண்ணால் ஒரு முறை, விரலால் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். தோட்டா ஊடுருவாத சுவர்ப் பக்கமே குறிவைக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, வெற்றுச் சுவரில் முன்குறியை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக இழுத்தால் அசைவு உடனே தெரியும். முன்குறியின் மேல் சமநிலையில் நிற்கும் ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு கீழே விழாமல் இழுப்பு முடிந்தால் விரல் நேராகப் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் டிரிகரை முழுதாக முன்னால் வரவிட்டு, அது நின்ற பிறகே அடுத்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல் தளர்ந்துவிடும். தளர்ந்த விரலோடு தொடர்ந்தால் கெட்ட பழக்கமே படியும். முடிந்ததும் ‘இன்றைக்குப் போதும்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழ வேண்டும். தோட்டா போட்ட பிறகு இன்னும் ஒரே ஒரு முறை என்று இழுத்துச் சுவரைத் துளைத்தவர்கள் ஏராளம். தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கிகளை வெறுமனே இழுத்தால் ஃபயரிங் பின் அறையின் விளிம்பில் மோதும். அவற்றுக்குப் போலித் தோட்டா அவசியம்.

நிஜத் தோட்டாவில் 5 மீட்டரில் தொடங்கி, உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் ஐந்தும் விழுந்த பிறகு 7, பிறகு 10 மீட்டர் என்று தள்ளிப்போகலாம். இடையிடையே ஒரு அறையில் போலித் தோட்டாவைப் போட்டுச் சிலிண்டரைப் பார்க்காமல் மூட வேண்டும். அது வரும் இழுப்பில் குழல்முனை கீழே குத்தினால், இன்னும் டிரிகரைவிட உதைக்குத்தான் விரல் பயப்படுகிறது. கையோடு வைத்திருக்கப்போகும் அதே ரகத் தோட்டாவில் குறைந்தது நூறு தவறாமல் வெடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கி என்றால் அந்த எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.